அண்ணன் நிரப்பிய இடம்

பிப்ரவரி 3

மலை மேல உக்காந்திருக்கிற என் அண்ணனுக்கு,

கீழ உக்காந்திருக்கிற தங்கச்சி வாலு எழுதுறது. நான் நல்லா இருக்கேன், அம்மா நல்லா இருக்காங்க, அப்பா கால் மட்டும்தான் நல்லா இல்ல. நீ எப்படி இருக்க? சுரங்கத்துல தூசி போகாம மூக்குக்குத் துணி கட்டுறியா? பேப்பர்ல எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புறது கல்லுல செதுக்கி மாட்டு வண்டில ஏத்துற மாதிரி இருக்கு. நீ படிச்சியா இல்லையான்னு ஒரு டிக் கூட வராது! அந்த மலைல சிக்னல் வர்ற வரைக்கும் வேற வழியில்ல.

விஷயத்துக்கு வரேன். பெட்டி வந்துடுச்சு!!! நேத்து மத்தியானம் ரெண்டு பேர் லாரில இருந்து இறக்கி வச்சாங்க. அம்மா பயந்தே போயிட்டாங்க. "பீரோ யாரு கேட்டது?"ன்னு. பிரிச்சா நீச்சல்குளம். குழி தோண்ட வேணாம், தரை மேலயே நிக்கும். பன்னிரண்டு அடி அகலம், நாலு அடி உயரம், இரும்புக் கம்பி சட்டம், நீல லைனர், ஏணி, பம்பு, மணல் ஃபில்டர், பாம்பு மாதிரி நாலு ஹோஸ். அனுப்பினவர்னு உன் பேரு. டவுனுக்கு இறங்கி ஆர்டர் போட்டவன் அங்கருந்து ஒரு போன் பண்ணிருக்கலாம்ல? அப்பா விழுந்த மறு வாரமே மலைக்கு ஓடின, அஞ்சு மாசமா உன் குரலே கேக்கல.

பெட்டியைப் பாத்ததும் அப்பாவுக்குக் கண்ணு கலங்கிச்சு. டாக்டர் என்ன சொன்னார்னு உனக்குத் தெரியும். இடுப்பளவு தண்ணில தினமும் அரை மணி நேரம் நடக்கணும். ஏப்ரல் கடைசில பாப்பாராம். அதுக்குள்ள கால் மடங்கலன்னா மறுபடி ஆபரேஷன், அப்புறம் காலம் முழுக்க வாக்கர்தான். எல்லாம் பாழாப்போன ஒரு எலி வளைல கால் விட்டதால.

குளத்தை நானே போடப் போறேன். சிரிக்காத. யூடியூப்ல குழாய் ராணியோட எண்பத்தி மூணு வீடியோவும் பாத்துட்டேன். வேற லெவல் அக்கா அவங்க. ரெஞ்சைப் பல்லுல கடிச்சுக்கிட்டே பேசுவாங்க. இடமும் முடிவு பண்ணியாச்சு. பின்பக்கம், பழைய செப்டிக் டேங்க் இருந்த இடம். தெருவுக்குப் பாதாள சாக்கடை வந்தப்போ நீ ஒத்த ஆளா கல்லும் மண்ணும் போட்டு நிரப்பினியே, அதே இடம்தான். தோட்டத்துலயே சமமான இடம் அது ஒண்ணுதான், ரெண்டு மழைக்காலம் பாத்து நல்லா இறுகியும் இருக்கும். தண்ணி நிரப்பினா பத்து டன், ரெண்டு யானை கனம். நீ போட்ட தரை தாங்கும்ல?

உடம்பைப் பாத்துக்கோ. பதில் போடு.

இப்படிக்கு,
உன் வாலு


பிப்ரவரி 19

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. ரேஷன் லாரியில் உன் கடிதம் கிடைத்தது. எனக்குச் சுகக்கேடு ஒன்றும் இல்லை, லேசான இருமல் மட்டும். அம்மாவுக்கு முதுகு வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா?

பெட்டி வந்ததில் சந்தோஷம். குளத்தை முன்பக்கம் போடு. முன்பக்கம்தான் வெயில் நன்றாக விழும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஹாலில் இருந்து அப்பாவுக்கு நடையும் குறைவு. பின்பக்கம் கொசு, எலி எல்லாம் இருக்கிறது. அந்த இடம் சரிப்படாது.

டவுனில் அன்றைக்கு நேரமில்லை. அதனால்தான் போன் செய்யவில்லை.

மறக்காதே, முன்பக்கம்.

அண்ணன்


மார்ச் 2

வெயில் எந்தப் பக்கம் விழும்னு மலைல இருந்தே தெரிஞ்சுக்கிற அண்ணனுக்கு,

இருமலுக்கு வெந்நீர் குடி. இங்க நான் நலம், கையில நாலு கொப்புளம். அம்மா முதுகு அப்படியேதான் இருக்கு.

உன் லெட்டரைப் படிச்சிட்டு எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. முன்பக்கம் போடணுமாம்! நம்ம வீட்டு முன்பக்கத்தை நீ பாத்ததே இல்லையா? ரசமட்டம் வச்சுப் பாத்தேன். கேட்ல இருந்து படி வரைக்கும் ஒரு முழம் இறக்கம். அங்க குளத்தை வச்சா அப்பா ஒரு ஓரத்துல முழங்கால் தண்ணிலயும் இன்னொரு ஓரத்துல கழுத்துத் தண்ணிலயும் நடப்பார். குழாயும் இல்ல, பிளக்கும் இல்ல. இதுல அப்பாவும் உன்ன மாதிரியே பாடுறார். "முன்னாடி போடு பாப்பா." ஏன்பான்னா, "பின்னாடி வேணாம்." ஏன் வேணாம்? "சொன்னா கேளு." இதான் பதில். ரெண்டு பேரும் பேசி வச்ச மாதிரியே இருக்கு. இந்த வீட்டு ஆம்பளைங்களுக்குக் காரணம் சொல்றதுன்னா சொத்து எழுதி வைக்கிற மாதிரி.

நல்லவேளை, அப்பாவும் அம்மாவும் நேத்து ஆஸ்பத்திரி பயிற்சி வார்டுக்குப் போயிட்டாங்க. பதினெட்டாம் தேதிதான் வருவாங்க. அதுக்குள்ள பின்னாடி போட்டு நிரப்பி வச்சுடுவேன். வந்து பாத்தா வாயடைச்சுப் போவாங்க.

இன்னைக்கு இடத்தைச் சுத்தம் பண்ணினேன். ஐயோ அண்ணா, உவ்வே. அந்த எலி வளை மேல யாரும் மிதிச்சுடக் கூடாதுன்னு அப்பா பெரிய சிமெண்ட் தொட்டி ஒண்ணை வைக்கச் சொல்லியிருந்தார்ல, அதை நானும் பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன் அக்காவும் சேர்ந்து நகத்தினோம். அடில கொழகொழன்னு நத்தை, வெள்ளையா நெளியிற புழு, செத்த கரப்பான். நடுவுல கால் நுழையிற அளவுக்கு ஓட்டை. அதுல இருந்து ஒரு நாத்தம் வந்துச்சு பாரு, அழுகின முட்டையைத் துணில கட்டி மூக்குல தேச்ச மாதிரி. அக்கா தள்ளிப் போய் நின்னுக்கிட்டு, "என்னடி இது, எலி செத்துக் கிடக்கா, இல்ல எலியோட மொத்தக் குடும்பமும் செத்துக் கிடக்கா?"ன்னாங்க. நாலு சட்டி மணல் போட்டு இடிச்சு மூடிட்டேன்.

அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. ஹால்ல அப்பா பக்கத்துல படுத்துக்க உன் பழைய மரக்கட்டிலைத் தேடுறாங்க. பழைய சாமான்காரர்கிட்ட போட்டேன்னு நீ சொன்னியாமே. அவர் அப்படி ஒரு கட்டிலை எடுக்கவே இல்லைன்னு சத்தியம் பண்றார். எங்க போட்ட?

உன் கோவக்கார வாலு


மார்ச் 9

அண்ணனுக்கு,

நலமா? உன் பதிலுக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்ல. அதான் அடுத்த லெட்டர். நான் நலம், ஆனா உடம்பு முழுக்க வாஷர் அச்சு.

குளம் நின்னுடுச்சு!!! மணல் பரப்பி, ரசமட்டம் வச்சு வச்சுச் சீவி, மேல தார்பாய் விரிச்சு, கம்பிச் சட்டத்தை மாட்டினேன். லைனரை ரெண்டு நாள் வெயில்ல போட்டுச் சுருக்கம் எடுத்தேன். அதுக்குள்ள போய்ப் படுத்தா கிளினிக் கையுறைக்குள்ள படுத்த மாதிரி வாசம், தலை சுத்திடுச்சு.

குழாய் வேலைதான் என்னைக் கொன்னுடுச்சு. குளத்துச் சுவத்துல மேல ஒரு ஓட்டை, கீழ ஒரு ஓட்டை. மேல் ஓட்டைல ஸ்கிம்மர்னு குப்பை இழுக்கிற டப்பா. அதுவழியா தண்ணி பம்புக்குப் போய், மணல் ஃபில்டர்ல வடிஞ்சு, கீழ் ஓட்டை வழியா திரும்ப வரும். கேக்க சுலபமா இருக்குல்ல? முதல் தடவை ரப்பர் வாஷரைச் சுவத்துக்கு வெளிப்பக்கம் போட்டுட்டேன். அது உள்பக்கம் போடணும். தண்ணி விட்டுப் பாத்தா சுவர் அழுற மாதிரி வழியுது. ரெண்டாம் தடவை வெள்ளை டேப்பைத் திருகுக்கு எதிர்ப்பக்கமா சுத்தி, எல்லாம் பிரிஞ்சு நூலா வந்துடுச்சு. மூணாம் தடவை கிளிப்பை இறுக்கி இறுக்கி ஹோஸையே வெட்டிட்டேன். குழாய் ராணி முப்பது செகண்டுல பண்றதை நான் மூணு நாள் பண்ணினேன். அந்தம்மா வீடியோவுல கெட்ட வார்த்தையை எல்லாம் வெட்டித்தான் போடுறாங்கன்னு இப்பதான் புரியுது.

நாலாம் தடவை, ஒரு சொட்டு கூட இல்ல! எலெக்ட்ரீஷியன் அக்கா எர்த்தோட லைன் இழுத்துக் குடுத்தாங்க. பம்பு உறுமிச்சு. நான் கத்தின கத்துல எதிர்வீட்டு நாய் ஓடிப் போச்சு. ஸ்கிம்மர் கூடையைத் திறந்து பாத்தா முதல் வேட்டையா ஒரு செத்த பல்லி. வயிறு உப்பி, வெளுத்துப்போய், வாலு தனியா. அதை வெறுங்கையால எடுத்துப் போட்டேன். நான் இப்ப வேற ஆளு அண்ணா.

நாளைல இருந்து முழுசா நிரப்புறேன். கைப்பிடிக் கம்பி கூட வச்சாச்சு, அப்பா பிடிச்சுக்கிட்டு சுத்தி நடக்க.

வாலு


மார்ச் 15

வாலுவுக்கு,

நீ மார்ச் 2 அன்று எழுதியது இன்றுதான் வந்தது. அனைவரும் நலம்தானே?

தண்ணீர் நிரப்பாதே. நிரப்பியிருந்தால் உடனே வடித்துவிடு. நான் வரும்வரை அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம். அப்பாவை அருகிலேயே விடாதே. காரணத்தை நேரில் சொல்கிறேன். கட்டிலைப் பற்றியும் நேரில் சொல்கிறேன்.

இது நான் எழுதும் நான்காவது தாள். மற்ற மூன்றையும் கிழித்துவிட்டேன். தயவுசெய்து நான் சொல்வதைக் கேள்.

அண்ணன்


மார்ச் 20

அண்ணனுக்கு,

ஒரு மாசமா உன்கிட்ட இருந்து ஒரு வரி இல்ல. உயிரோட இருக்கியா? இருமல் போச்சா? இங்க யாரும் நல்லா இல்ல. சொல்றேன் கேளு.

பதினாலாம் தேதி குளம் ரொம்பிடுச்சு. முதல் நாள் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மூணாம் நாள் பச்சை. பாசிப்பயறு பச்சை இல்ல, சளிப் பச்சை. விரலை விட்டா நூல் நூலா ஒட்டுது. மருந்து போட்டேன், தேச்சேன், ஃபில்டரைத் திருப்பி விட்டுக் கழுவினேன். அந்தக் கழிவுத் தண்ணி பழுப்பா, ஏப்பம் விடுற மாதிரி குபுக் குபுக்குன்னு வந்துச்சு. சாப்பாடு இறங்கல எனக்கு. நேத்துதான் தெளிஞ்சுது.

ஆனா நாத்தம் போகல. அதே அழுகின முட்டை. தண்ணில இருந்து வரலை, மோந்து பாத்துட்டேன். (ஆமா, மோந்து பாத்தேன், என் பொழப்பு அப்படி.) பம்புலயும் இல்ல. தரைல இருந்து வருது.

இன்னொண்ணு. நான் வைக்கும்போது குளம் அணு பிசகாம சமமா இருந்துச்சு. இப்ப தண்ணி மட்டம் காம்பவுண்டுச் சுவர்ப்பக்கம் விளிம்புக்கு நாலு விரல் கீழ நிக்குது, தொட்டி இருந்த பக்கம் ரெண்டு விரல்தான். குழாய் ராணி சொல்லுவாங்க, தண்ணி எப்பவும் நேராத்தான் நிக்கும், கோணலா தெரிஞ்சா தரையைப் பாருன்னு. நீ நிரப்பின தரை எப்படிண்ணா இறங்கும்? மண்ணு மட்டும் போட்டியா? கல்லு போட்டேன்னுதானே சொன்ன?

முந்தாநேத்து அப்பாவும் அம்மாவும் வந்தாங்க. கண்ணை மூடச் சொல்லி வாக்கரோட பின்வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். கண்ணைத் திறந்தார். மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துடுச்சு.

"யார் இங்க போடச் சொன்னது?"

"நான்தான்பா. எப்படி இருக்கு?"

"தண்ணியை எடு."

"அப்பா, ரெண்டு வாரம் கஷ்டப்பட்டுப் போட்டேன்..."

"எடுன்னா எடு! காது கேக்கலையா?"

அப்பா என்கிட்ட கத்தினதே இல்லைண்ணா. நான் அழுதேன், அம்மா அவர்கிட்ட சண்டை போட்டாங்க. அவர் நாற்காலியை இழுத்துப் பின்வாசல்ல போட்டுக் காவல்காரர் மாதிரி உக்காந்துட்டார். ரெண்டு நாளா அங்கதான் சாப்பாடு. ஒரு காலையும் தண்ணில வைக்கல. ஏப்ரல் கடைசிக்கு இன்னும் நாப்பது நாள்தான் இருக்கு. உனக்கும் அவருக்கும் என்னதான் பிரச்சனை?

வாலு


மார்ச் 21

வாலுவுக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்க எனக்கு அருகதை இல்லை. நீ ஒன்பதாம் தேதி எழுதியது வந்துவிட்டது. இந்நேரம் நிரப்பியிருப்பாய்.

அந்த டேங்க்கை நான் நிரப்பவில்லை.

அப்பா வெளியூர் போன அந்த வாரம் நான்தான் செய்கிறேன் என்று பொறுப்பை வாங்கிக் கொண்டேன். மேலே மூன்று கான்கிரீட் ஸ்லாப். உடைத்து உள்ளே தள்ளி, கல்லும் மண்ணும் கொட்ட வேண்டும். ஒரு ஸ்லாபை உடைத்தேன். உள்ளே கறுப்பாக ஆடை கட்டி நின்றது. அது அசைந்தது, வாலு. அந்த நாற்றம் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. வாந்தி எடுத்தேன், முகம் கழுவினேன், மறுபடி போனேன், மறுபடி வாந்தி. கல் லாரி சந்துக்குள் வராது, தள்ளுவண்டியில் இருநூறு நடை அடிக்க வேண்டும். பத்து நடை அடித்தேன். பதினோராவது முறை கால் போகவில்லை. அருவருப்பு, வேறொன்றும் இல்லை. என் கட்டிலைப் பிரித்து அந்தப் பலகைகளை ஓட்டை மேல் வைத்து, ஒரு அடி மண் போட்டு, புல் நட்டுவிட்டேன். அப்பா வந்து பார்த்து முதுகில் தட்டினார். தெரு முழுக்கச் சொன்னார், என் பையன் ஒத்தை ஆளாகச் செய்தான் என்று. பிறகு எப்படிச் சொல்வது?

அப்பா கால் விட்டது எலி வளையில் இல்லை.

முன்பக்கம் போடு என்று சொன்னால் போதும் என்று நினைத்தேன். போன வாரம் லாரி டிரைவரிடம் வீட்டு போன் நம்பரைக் கொடுத்தேன், டவுனில் இருந்து பேசி எச்சரிக்கச் சொல்லி. வண்டி கிளம்பும்போது அந்தத் துண்டுச் சீட்டைத் திரும்ப வாங்கிவிட்டேன். வேற்று ஆள் வாயால் அப்பா இதைக் கேட்கக் கூடாது என்று. இப்போது மண் சரிந்து சாலையை மூடிவிட்டார்கள். கீழே இறங்க வழியில்லை. பதினைந்தாம் தேதி எழுதி முடிப்பதற்குள் அந்த வண்டி போய்விட்டது; இனி வண்டி ஓடத் தொடங்கியதும் அதுவும் இதுவும் சேர்ந்து போகும்.

அதற்குள் ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

அண்ணன்


மார்ச் 27

அண்ணனுக்கு,

இதை இடது கையால எழுதுறேன். எழுத்து கோணலா இருந்தா அதுதான் காரணம். உயிரோட இருக்கேன். நீ?

இருபத்தி மூணாம் தேதி மத்தியானம் அப்பா என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, காரணம் கேக்காத. அப்பாவுக்காகத் தண்ணியைத் திறந்து விட்டுடு." அவர் கெஞ்சி நான் பாத்ததில்ல. சரின்னு போனேன். ஆனா எனக்குள்ள கடுப்பு. கழிவு ஹோஸை வாய்க்கால் வரைக்கும் இழுத்துட்டுப் போகாம, அங்கயே புல்லுல போட்டுட்டு வால்வைத் திறந்தேன். ஒரு மணி நேரம் அந்தத் தண்ணி முழுக்க அந்த மண்ணுலயே இறங்குச்சு. அது என் தப்பு. எழுதி வச்சுக்கோ, நான் என் தப்பை எழுதுறேன்.

திரும்பப் போய் வால்வுகிட்ட குனிஞ்சேன். கீழ மடார்னு ஒரு சத்தம். கால்ல தரை இல்ல. குளத்தோட கால் ஒண்ணு இறங்கி, கம்பி வளைஞ்சு, லைனர் கிழிஞ்சு, மிச்சம் இருந்த அத்தனை தண்ணியும் என் மேல. நான் உள்ள போயிட்டேன். இடுப்பு வரைக்கும். என்னதுன்னு நான் சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும். கூழ் மாதிரி. சூடா இருந்துச்சுண்ணா, அதுதான் என்னால மறக்க முடியல. மேல இருந்து சுத்தமான தண்ணி, கீழ இருந்து அது, ரெண்டும் கலந்து மாருக்கு ஏறுது. வாய்க்குள்ள போச்சு. கை ஏணியைப் பிடிச்சிருச்சு, ஏணியும் சாயுது.

கண்ணுக்கு நேரா ஒரு பலகை குத்திட்டு நின்னுச்சு. அதுல ஒரு டைனோசர் ஸ்டிக்கர். தலைல தொப்பி போட்டது. ஆறு வயசுல உன் கட்டில்ல நான் ஒட்டி, உன்கிட்ட அடி வாங்கினது.

அப்ப அப்பா கத்தினார். அதை அப்படியே எழுதுறேன்.

"வலது பக்கம் மிதிக்காத பாப்பா! அங்க வெறும் பலகை! இடது பக்கம் ஸ்லாப் இருக்கு, ரெண்டு ஸ்லாப் அப்படியே இருக்கு, இடது காலைத் தூக்கி வை! மூச்சை உள்ள இழுக்காத, தலையைத் திருப்பு!"

இடது காலை வச்சேன். கெட்டியா இருந்துச்சு. அம்மாவும் சத்தம் கேட்டு ஓடி வந்த எலெக்ட்ரீஷியன் அக்காவும் ஹோஸை வீசி இழுத்துப் போட்டாங்க. வலது மணிக்கட்டு முறிஞ்சிருக்கு. முழங்கால்ல எட்டுத் தையல். ஊசி மேல ஊசி. பதினோரு தடவை குளிச்சேன், இன்னும் நகக்கண்ணுல இருந்து வாசம் வருது.

மாவுக்கட்டோட வந்து அப்பா முன்னாடி நின்னேன். "எந்தப் பக்கம் பலகை, எந்தப் பக்கம் ஸ்லாப்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டேன்.

தரையைப் பாத்துச் சொன்னார், "என் கால் உள்ள போனப்பவே பாத்தேன். அந்த ஸ்டிக்கரையும்."

எலி வளைன்னு சொன்னது அவர்தான். உன்னைக் காப்பாத்த. நீயும் அவரைக் காப்பாத்துறதா நினைச்சிருப்ப. நடுவுல நான் பத்து டன் தண்ணியைக் கொண்டு வந்து வச்சேன்.

வாலு


ஏப்ரல் 8

அண்ணனுக்கு,

உன் ரெண்டு லெட்டரும் நேத்து தபால்காரர் கையில ஒண்ணா வந்துச்சு. பதினஞ்சாம் தேதியோடதும், இருபத்தொண்ணாம் தேதியோடதும். ரோடு இப்பதான் திறந்தாங்களாம். ரெண்டையும் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். தையல் பிரிச்சாச்சு. மணிக்கட்டுக்கு இன்னும் மூணு வாரம். உன் உடம்பு எப்படி?

அந்தக் குழில இருந்தப்போ கூட எனக்கு இவ்வளவு குமட்டலை. பலகை போட்டியே, அது கூடப் பரவாயில்லைன்னு வச்சுக்கலாம். அந்த நாத்தம் எனக்கும் தெரியும், நான் குடிச்சே பாத்திருக்கேன். பயந்து ஓடினது புரியுது. ஆனா டிரைவர்கிட்ட குடுத்த சீட்டைத் திரும்ப வாங்கினியே. ஒரு போன். "வாலு, தண்ணியை எடு, கீழ டேங்க்கை நான் நிரப்பவே இல்ல." அவ்வளவுதான். அதைச் சொல்ல அந்த டிரைவருக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

கழிவு லாரி வந்து டேங்க்கை உறிஞ்சிட்டுப் போச்சு. அந்த லாரிக்காரர் எட்டிப் பாத்துட்டு, "கட்டில் போட்டு யாரும்மா இதுல தூங்கினது?"ன்னார். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. அப்புறம் கல்லு கொட்டி நிரப்பித் தரவான்னு கேட்டார். வேணாம்னுட்டேன். சுத்திக் கயிறு கட்டி, தகரம் போட்டு மூடி வச்சிருக்கேன். கல்லு சந்து முனைல குவிச்சிருக்கு. பத்து நடை அடிச்சிருக்க. இன்னும் நூத்தித் தொண்ணூறு பாக்கி.

டாக்டர் மே கடைசி வரைக்கும் அப்பாவுக்கு நாள் குடுத்திருக்கார். லைனர்ல ஒரு ஆள் நீளக் கிழிசல். நான் ஒட்டிடுவேன், ஒத்தக் கையாலயே. ஆனா வைக்க இடம் வேணும்.

அப்பாவும் இதுக்குள்ள ஒரு தாள் வச்சிருக்கார். நான் படிக்கல.

வாலு


மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் இருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னைத் திட்டுவதற்கு எழுதவில்லை. என் பையன் செய்த வேலை என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். கால் உள்ளே போனதும், வலிக்கு முன்னால் அந்தப் பேச்சுத்தான் நினைவுக்கு வந்தது. எலி என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். என் கால் தானே, போகட்டும் என்று இருந்தேன். தொட்டியை வைத்து மூடினால் முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் அவள் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தாள். அப்போதும் ஐந்து நாள் உண்மையைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீ மலையில் இருந்து முன்பக்கம் என்று எழுதினாய். நான் நாற்காலியில் இருந்து முன்பக்கம் என்று சொன்னேன். நாம் இருவரும் அவளுக்குச் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்.

வா.

அப்பா


ஏப்ரல் 18

வாலுவுக்கு,

கடிதங்கள் கிடைத்தன. கையை ஆட்டாமல் வைத்துக்கொள். கணக்கைத் தீர்த்துக்கொண்டு வருகிறேன், லீவு இல்லை, மொத்தமாகத்தான். இருபத்தேழாம் தேதி காலை வந்துவிடுவேன்.

தள்ளுவண்டியின் சக்கரம் அப்போதே ஆடிக்கொண்டிருந்தது. அதை மட்டும் யாரிடமாவது சரிபார்த்து வை.

அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 27, கேட்டில் ஒட்டிய சீட்டு

அண்ணா,

பிரயாணம் நல்லா இருந்துச்சா? பெல் அடிக்காத, அம்மா தூங்குறாங்க. வீட்டுக்குள்ள வராம சந்து வழியா நேரா பின்னாடி போ. மண்வெட்டி சுவத்துல சாஞ்சிருக்கு. சக்கரத்தை நானே மாத்திட்டேன். வாந்தி வந்தா வாளி இருக்கு, எடுத்துட்டு வேலையைத் தொடரு. நான் லைனர் ஒட்டிட்டிருப்பேன், பேச்சுக் குடுக்காத, பசை காஞ்சிடும். குளிச்சிட்டு வந்தா சாப்பாடு.

அப்பா பின்வாசல் நாற்காலியில இருப்பார். மூஞ்சியைப் பாக்க முடியலன்னா தரையைப் பாத்து நட. எங்க மிதிக்கணும்னு அவர் சொல்லுவார். இந்தத் தடவை ஏன்னு காரணமும் சேத்துச் சொல்றேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கார்.

வாலு